மாத்தளையின் புறா வெடிக்காரர்

புறாவுக்கு வெடி வைக்கிறவர் முதலில் தேடுவது பழுத்த மரத்தை. மரம் அகப்பட்டால் புறா தானாக வரும். மாத்தளை மாவட்டத்தில் இந்தத் தேடலே பெரிய வேலை. தெற்கே உக்குவளை, இரத்தோட்டை, எல்கடுவ பக்கம் மழைக்குப் பஞ்சமில்லாத மலைச்சரிவு. மிளகும் கொக்கோவும் சாதிக்காயும் கராம்பும் மண்டிய வீட்டுத் தோட்டங்கள், அவற்றுக்கு மேலே தேயிலை, தேயிலைக்கும் மேலே நக்கிள்ஸ் காடு. வடக்கே நாலந்தவைத் தாண்டி நாவுல, கலேவெல, தம்புள்ளை என்று போகப் போக நிலம் காய்ந்துவிடும். அங்கே வடகீழ்ப் பருவமழையை நம்பிய குளத்து ஊர்களும் சேனைகளும்தான். மாத்தளை நகரத்திலிருந்து தம்புள்ளைக்கு ஐம்பது கிலோமீற்றர்கூட இல்லை. அதற்குள் ஈர நாடும் வறண்ட நாடும் வந்து போகின்றன. வடக்கே பாலையும் வீரையும் பழுக்கிற காலத்தில் தெற்கு மலையில் வேறு மரங்கள் காய்த்துக்கொண்டிருக்கும். இரண்டையும் தெரிந்து வைத்திருப்பவரே ஊரில் நல்ல வெடிக்காரர்.

ஆல், அத்தி, இச்சி வகை மரங்கள் அவருக்குத் தனி. ஒரு மரத்தின் காய்கள் ஏறத்தாழ ஒரே வேளையில் பழுக்கும். அடுத்த ஊரில் நிற்கும் அதே இனத்து மரமோ வேறொரு மாதத்தில்தான் பழுக்கும். எங்கேயாவது ஒரு மரம் எப்போதும் பழுத்தபடி இருப்பதால்தான் பழந்தின்னிப் புறாக்கள் ஆண்டு முழுக்கப் பிழைக்கின்றன. எந்த மரம் என்பதைக் கண்டுபிடிக்க அவை அலைகின்றன. பின்னால் வெடிக்காரரும் அலைகிறார். வயலுக்குப் போகும்போதும், மாட்டை அவிழ்க்கப் போகும்போதும், கடைக்குப் போகும்போதும் அவர் கண் அண்ணாந்தே இருக்கும். மரத்தடியில் தோல் கிழிந்த பழம் கிடக்கிறதா, எச்சத்தில் கொட்டை இருக்கிறதா, காலையில் எந்தத் திசையிலிருந்து கூட்டம் வருகிறது என்பதையெல்லாம் குறிப்பேடில்லாமல் மனத்தில் வைத்திருப்பார். வெடி வைப்பது ஒரு நொடி வேலை. மற்ற நாட்களெல்லாம் இந்த அலைச்சலும் கவனிப்பும்தான்.

அவர் தேடும் பறவைகளில் முதலாவது பச்சைப்புறா. சுமார் 27 சென்ரிமீற்றர் நீளம். ஆணின் முதுகில் கத்தரிப்பூ நிறம் கலந்திருக்கும், மற்றபடி இலையின் பச்சை. கிளிபோலக் கிளையைப் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கியும் பழம் பறிக்கும். ஆபத்து என்று பட்டால் பறக்காது, அப்படியே உறைந்துவிடும். மரத்தில் இருபது பறவை இருந்தாலும் கீழே நிற்பவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. விடியலில் மரத்தடியில் குந்தியிருப்பவருக்கு முதலில் காதுதான் உதவும். பழம் உதிரும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்கும். இடையிடையே மனிதர் விசிலடிப்பதுபோல வளைந்து நெளிந்த ஒரு குரல் கேட்கும். சத்தம் சட்டென்று நின்றால் பறவைகள் ஆளைக் கண்டுவிட்டன என்று பொருள். பிறகு அவர் அசையாமல் இருக்க வேண்டும். பறவைக்கும் ஆளுக்கும் நடக்கும் பொறுமைப் போட்டியில் பெரும்பாலும் தோற்பது ஆள். வெடி கேட்டதும் மரமே வெடித்ததுபோலக் கூட்டம் படபடவென்று கிளம்பும், வேகமாக. இரண்டாவது வெடிக்கு அநேகமாக வாய்ப்பிருக்காது.

இரண்டாவது, சிங்களத்தில் மஹ நீலகொயா எனப்படும் பெரிய பச்சைப்புறா. பச்சைப்புறாவைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் நீளம், சாம்பல் தலை, உலோகப் பச்சை இறகு. ஆழத்திலிருந்து வருவதுபோன்ற அதன் முனகல் காட்டுக்குள் வெகுதூரம் கேட்கும். மூன்றாவது, இலங்கையை விட்டு வேறெங்கும் இல்லாத மலைப்புறா; சிங்களத்தில் மயிலகொயா. கழுத்தின் பின்புறம் சதுரங்கப் பலகைபோலக் கறுப்பு வெள்ளைக் கட்டம் இருக்கும். பெரும்பாலும் ஆயிரம் மீற்றருக்கு மேற்பட்ட காடுகளில், நக்கிள்ஸ் மலைத்தொடரிலும், வாழும். பழம் தேடிச் சில மாதங்களில் கீழே இறங்கும். உலக அளவில் அழியும் ஆபத்துள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது. ஒரு கூட்டில் ஒரே முட்டைதான் இடும். பெரிய பச்சைப்புறாவும் வழக்கமாக ஒன்றுதான். இதை வெடிக்காரர்கள் எல்லோரும் அறிவார்களா என்றால், கூட்டைப் பார்த்தவர்கள் அறிவார்கள். தரையில் தானியம் பொறுக்கும் மணிப்புறாவும், காட்டு விளிம்பில் திரியும் மரகதப்புறாவும் வேறு கணக்கு. அவை கெட்டபோல் வைத்திருக்கும் பையன்களின் வேட்டை.

ஊரில் துவக்கு என்றால் பெரும்பாலும் பன்னிரண்டு போர் ஒற்றைக்குழல்தான். தேங்காய் எண்ணெய்த் துணியால் துடைத்து, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்திருப்பார்கள். அதற்கான தோட்டா மலிவானதல்ல, கிடைப்பதும் எளிதல்ல. ஒரு தோட்டாவைச் செலவழித்துப் பன்றி விழுந்தால் பல வீட்டுக்குக் கறி. அதே தோட்டாவில் விழும் பச்சைப்புறா இரண்டு பேருக்குக் காணாது. கறிக்காக வேட்டையாடும் ஏழை புறாவில் தோட்டாவை வீணாக்கமாட்டான். ஆகவே புறா வெடி எப்போதும் தோட்டாவுக்குக் கணக்குப் பார்க்கத் தேவையில்லாதவரின் பொழுதுபோக்காகவே இருந்து வந்திருக்கிறது. மாத்தளையில் அந்த இடத்தில் யார் யார் நின்றார்கள் என்று பின்னோக்கிப் பார்த்தால், இந்த மாவட்டத்தின் இருநூறு ஆண்டு வரலாற்றில் பாதி தெரிந்துவிடுகிறது. யார் துவக்கு வைத்திருக்கலாம் என்ற கேள்விதான் அதன் முதுகெலும்பு.

வேட்டை இங்கே வெள்ளைக்காரர் கொண்டுவந்ததல்ல. கண்டி இராச்சியக் காலத்து எல்லை விவர ஏடான மாத்தளைக் கடயிம்பொத்த, இந்தப் பகுதியின் எல்லைக் காவலில் வேடர் தலைவர்கள் இருந்ததைச் சொல்கிறது. கண்டிக் கொல்லர்கள் செய்த துவக்குகள், விசைப்பொறி இடப்பக்கம் அமைந்தவை, இன்று உலகின் பல நூதனசாலைகளில் இருக்கின்றன. காட்டோரக் குடியானவனுக்குத் துவக்கும் நாயும் சேனையைக் காக்கும் கருவிகள். இரவில் காவல் பரணில் படுத்துக்கொண்டு யானையையும் பன்றியையும் விரட்டியவன், பகலில் அதே துவக்கால் மானையும் பறவையையும் சுட்டான்.

1848 இல் ஆளுநர் டொரிங்டன் பிரபுவின் அரசாங்கம் இந்த இரண்டுக்கும் வரி போட்டது. துவக்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டரை சிலிங், நாய் ஒன்றுக்கு ஒரு சிலிங். கடைக்கு ஒரு பவுண். இவற்றோடு, வயதுவந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், முடியாவிட்டால் மூன்று சிலிங் கட்ட வேண்டும் என்ற வீதிக் கட்டளைச் சட்டமும் வந்தது. கோப்பியின் விலை விழுந்து திறைசேரி காலியானதே வரிக்குக் காரணம். கோப்பித் தோட்டக்காரருக்கு வீதி தேவை. அதன் செலவு சேனைக்காரன் தலையில். நாலைந்து நாயும் ஒரு பழைய துவக்கும் வைத்திருந்த குடியானவனுக்கு இந்த வரி பல நாள் கூலி. அதைவிட முக்கியம், வரி கட்டுவதற்குத் துவக்கைப் பதிவு செய்ய வேண்டும். ஊரில் எத்தனை துவக்கு இருக்கிறது என்ற கணக்கு அரசாங்கத்தின் கைக்குப் போய்விடும்.

வரியை எதிர்த்துக் கிளர்ந்தவர்கள் யூலை 26 ஆம் திகதி தம்புள்ளை விகாரையில் தங்கள் தலைவர் கொங்காலேகொட பண்டாவை அரசனாக்கினார்கள். இரண்டு நாளில் கூட்டம் மாத்தளை நகருக்குள் புகுந்து அரச கட்டடங்களைத் தாக்கியது. யூலை 29 இல் படைத்துறைச் சட்டம் வந்தது. மாத்தளைக்கு அருகே வாரியப்பொலைத் தோட்டத்தில் படையினர் கிளர்ச்சிக்காரரை எதிர்கொண்டு சிதறடித்தார்கள். கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான, மொறட்டுவையைச் சேர்ந்த புரன் அப்பு பிடிபட்டு ஓகஸ்ட் 8 இல் கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். எல்கடுவையில் ஒளிந்திருந்த கொங்காலேகொட பண்டா செப்டெம்பரில் அகப்பட்டு, தூக்குத் தண்டனை குறைக்கப்பட்டு, கசையடி வாங்கி, மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டு அங்கேயே இறந்தார். கிளர்ச்சிக்காரரில் ஏறக்குறைய 200 பேர் மாண்டார்கள். அரசுப் படையில் ஒருவரும் சாகவில்லை. அந்தத் துவக்குகள் படைக்கு எதிராக எவ்வளவு உதவின என்பதற்கு இந்த எண்களே சாட்சி. அவை சேனைக் காவலுக்கும் காட்டு வேட்டைக்கும் உரிய துவக்குகள்.

இலண்டன் நாடாளுமன்றத்தில் விசாரணை நடந்து, டொரிங்டன் 1850 இல் திருப்பி அழைக்கப்பட்டார். மூன்று ஆண்டு கழித்து, 1853 இல், இலங்கையில் பிறந்த படை மருத்துவர் கெலார்ட்டும் கல்கத்தா நூதனசாலையின் காப்பாளர் பிளித்தும் மலைநாட்டுப் புறா ஒன்றை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தி, டொரிங்டன் சீமாட்டியின் பெயரை அதற்கு வைத்தார்கள். கழுத்தில் சதுரங்கக் கட்டம் போட்ட நமது மலைப்புறாதான் அது. துவக்கு வரியால் மாத்தளையை எரியவைத்தவரின் பட்டப் பெயரை, மாத்தளை மலையில் வெடிக்காரருக்குத் தப்பித் திரியும் பறவை இன்றைக்கும் சுமக்கிறது. கெலார்ட் அதை யாரையும் நோகடிக்கச் செய்யவில்லை. ஆதரவாளர் பெயரைப் பறவைக்கு இடுவது அக்கால வழக்கம். ஆனாலும் அந்தப் பெயரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இரண்டரை சிலிங் நினைவுக்கு வருகிறது. வரி விதித்த ஆட்சியில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட்தான் 1861 இல் இலங்கையின் இயற்கை வரலாறு பற்றிய புகழ்பெற்ற நூலையும் எழுதினார் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அக்காலத்தில் பறவை ஆய்வும் துவக்கால்தான் நடந்தது. பறவையைச் சுட்டு வீழ்த்தி, தோலை உரித்துப் பஞ்சடைத்தால்தான் அது சான்று. பச்சைப்புறாவின் கதை அதற்கும் முந்தியது: 1752 முதல் 1757 வரை ஒல்லாந்த ஆளுநராக இருந்த லோட்டன் வரைவித்த ஓவியம் ஒன்று 1776 இல் இலண்டனில் அச்சாகி, அதன் வழியே அந்தப் பறவைக்குப் பெயர் வந்தது. 1868 இலிருந்து 1877 வரை இங்கே பீரங்கிப் படை அதிகாரியாக இருந்த வின்சென்ட் லெக், இலங்கைப் பறவைகளின் பெருநூலை எழுதியவர், துவக்கோடு காடு காடாக அலைந்தவர்தான். ஊர் வெடிக்காரருக்கு எந்த மரம் எப்போது பழுக்கும் என்று தெரிந்ததுபோல அவருக்கும் தெரிந்திருந்தது. அவர் எழுதினார், இவர் எழுதவில்லை. வேறுபாடு பெரும்பாலும் அதுதான்.

கோப்பிக் காலத்தில் மாத்தளை, தமிழருக்கு மலைநாட்டின் வாசல். மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர்கள் வடபாதைக் காட்டுவழியே நடந்து, தம்புள்ளை, நாலந்த கடந்து, செத்தவர் போக மிஞ்சியவர்களாக மாத்தளையை அடைந்தார்கள். முத்துமாரியம்மன் கோயில் அந்த நடையின் நினைவோடு சேர்ந்தது. 1880 இல் புகையிரதம் மாத்தளைக்கு வந்தபோது, 1869 இல் தென்பட்ட இலைநோய் கோப்பியை ஏற்கெனவே தின்னத் தொடங்கியிருந்தது. பிறகு தேயிலை வந்தது. தோட்டம் மாறினாலும் பங்களா வாழ்க்கை மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை துரை துவக்கெடுத்துப் புறப்படுவார். பறவையைக் கிளப்பவும், விழுந்ததைப் பொறுக்கவும், பெட்டியைத் தூக்கவும் லயத்து ஆட்கள் போவார்கள். தோட்டாவுக்குக் கணக்குப் பார்க்காத முதல் வெடிக்காரர் துரைதான். பச்சைப்புறாவும் பெரிய பச்சைப்புறாவும் பங்களாச் சாப்பாட்டு மேசையின் பறவைகள்.

தொழிலாளரின் வேட்டையைப் பற்றியும் எழுத்து இருக்கிறது, ஆனால் தொனி வேறு. கோப்பிச் செடியைக் கடித்து நாசம் செய்த எலியைத் தென்னிந்தியக் கூலிகள் எண்ணெயில் பொரித்தும் கறியாக்கியும் விரும்பித் தின்கிறார்கள் என்று டெனன்டின் நூல் ஒரு வியப்பாகப் பதிவு செய்கிறது. அரிசியைக் கங்காணியின் கணக்கில் கடனாக வாங்கித் தின்றவர்களுக்கு அந்த எலிதான் கவிச்சி. துரையின் புறா விளையாட்டு என்றும் தொழிலாளியின் எலி விநோதம் என்றும் எழுதப்பட்ட காலம் அது. இரண்டுமே பசியும் பொழுதும் கலந்த வேட்டைதான்.

1894 இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றை ஐரோப்பிய வேட்டைக்காரர்கள் தொடங்கினார்கள். அதற்குக் காரணம் இருந்தது. அரை நூற்றாண்டுக்கு முன் மேஜர் றொஜர்ஸ் என்ற ஒரு அதிகாரி மட்டும் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாகச் சொல்லப்படும் தீவு இது. ஆனால் சங்கம் கைகாட்டியது பெரும்பாலும் தோலுக்கும் கொம்புக்கும் இறைச்சிக்கும் சுட்ட ஊரவர்களை. விளையாட்டுக்குச் சுடுவது நாகரிகம், வயிற்றுக்குச் சுடுவது நாசம் என்ற பிரிவினை அப்போதுதான் உறுதிப்பட்டது. 1916 இன் சுடுகலன் கட்டளைச் சட்டம் துவக்கை அனுமதிப்பத்திரத்துக்குள் கொண்டுவந்தது. 1937 இன் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. பிற்காலத் திருத்தங்கள், குறிப்பாக 1993 இனது, பாதுகாப்பை விரித்தன. இன்று இலங்கையில் காட்டுப் பறவையைப் பொழுதுபோக்குக்காகச் சுட எவருக்கும் அனுமதி கிடையாது. இந்தச் சங்கமே பின்னாளில் சுடுவதை விட்டுப் பாதுகாப்பைப் பேசும் அமைப்பாக மாறியது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சட்டத்தின் நோக்கம் சரி. அது வந்த வழியில் ஊரவனின் அறிவுக்கு ஓரிடமும் ஒதுக்கப்படவில்லை என்பதுதான் என் குறை.

விவசாயி துவக்கு வைத்திருக்கப் பயிர்ப் பாதுகாப்பு என்ற ஒரு வழி திறந்தே இருக்கிறது. கிராம உத்தியோகத்தரிடமும் பொலிஸிடமும் அறிக்கை வாங்கி, கச்சேரிக்கு விண்ணப்பித்து, அனுமதியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அந்த வழி காணி உள்ளவனுக்கானது. லயத்தில் பிறந்து லயத்தில் சாகும் தோட்டத் தொழிலாளிக்குக் காணி ஏது? 1948 இன் குடியுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கியது. டொரிங்டனின் துவக்கு வரிக்குச் சரியாக நூறு ஆண்டுக்குப் பின். குடியுரிமை மீண்டு வந்த பிறகும் வீட்டைச் சுற்றிய காய்கறிப் பாத்திக்குத் துவக்கு அனுமதி யாரும் கேட்கவில்லை. எனவே மாத்தளைத் தோட்டங்களில் வேட்டை என்றால் கெட்டபோல், கண்ணி, நாய். கம்பிக் கண்ணி பன்றிக்காக வைக்கப்படுகிறது. மலைநாட்டுத் தேயிலைச் சரிவுகளில் அதில் சிறுத்தை மாட்டிச் சாவது தொடர்கதை. சுடும் கருவி இல்லாதவனின் வேட்டை சுடுகிறவனின் வேட்டையைவிடக் கண்மூடித்தனமாகப் போனதற்கு இது கசப்பான சான்று. துவக்குக்காரன் இலக்கைப் பார்த்துச் சுடுகிறான். கண்ணி எதையும் பார்ப்பதில்லை.

சிங்கள ஊர்களிலும் துவக்கு நிம்மதியாக இருந்ததில்லை. 1971 கிளர்ச்சியில் இளைஞர்களின் கையில் இருந்த ஆயுதம் பெரும்பாலும் வீட்டுத் துவக்கும் நாட்டு வெடிகுண்டும். 1987 முதல் 1989 வரையிலான அடுத்த கிளர்ச்சியில் ஆயுதக் குழு இரவில் கதவைத் தட்டி அனுமதித் துவக்குகளைக் கேட்டு வாங்கிப் போனது. கொடுத்தவனைப் படை விசாரித்தது, கொடுக்காதவனுக்கு வேறு கதி. அந்த ஆண்டுகளின் கொடுமையை அதிகம் கண்ட மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. 2012 இன் கடைசியில் மாத்தளை வைத்தியசாலை வளவில் மண்ணைத் தோண்டியபோது 150 க்கும் மேற்பட்டவர்களின் எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. எந்தக் காலத்தவை என்ற சர்ச்சை நீதிமன்றம் வரை போனது. காணாமற்போன பிள்ளைகளின் பெற்றோர் தங்கள் பிள்ளைகளையே அங்கே தேடினார்கள். அந்த நாட்களுக்குப் பிறகு பல வீடுகளில் துவக்கு திரும்பவேயில்லை. துவக்கு போனபின் அதைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போகும் பழக்கமும், அப்பனிடமிருந்து மகனுக்கு வரும் மர அறிவும் சேர்ந்தே அறுந்தன.

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் புறா சுடுகிறவருக்கு இந்தத் தலைவலி ஒன்றுமில்லை. பிரித்தானியா முழுவதிலும் ஏறக்குறைய 50 இலட்சம் சோடி மரப்புறாக்கள் உள்ளன. கடுகு இனப் பயிரையும் பட்டாணியையும் அவை மொய்த்துத் தின்கின்றன. விவசாயி அழைக்கிறார், சுடுகிறவர் வருகிறார். வயலோரத்தில் வலையால் மறைப்புக் கட்டி, பொம்மைப் புறாக்களைப் பரப்பி, பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். அதற்கு முன் பல நாள், புறாக்கள் எந்தப் பாதையில் பறக்கின்றன என்று பார்த்துக்கொண்டு திரிந்திருப்பார். அந்த ஒற்றுமை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த நியாயத்தை மாத்தளைக்குக் கடன் வாங்க முடியாது. இங்குள்ள பழந்தின்னிப் புறாக்கள் பயிரைத் தொடுவது குறைவு. சேனையில் விதைத்த பயறைப் பொறுக்கும் மணிப்புறாவைச் சொல்லலாம். அதை ஒரு தகரச் சத்தம் விரட்டிவிடும்.

எண்ணிக்கை அதிகம் என்பதும் பாதுகாப்பல்ல. வட அமெரிக்காவில் கோடிக்கணக்கில் பறந்த பயணப் புறா, வணிகத்துக்காகச் சுடப்பட்டுச் சுடப்பட்டு, 1914 செப்டெம்பர் 1 இல் சின்சினாட்டி மிருகக்காட்சிச்சாலையில் கடைசிப் பறவையோடு முடிந்தது. ஒரு முட்டையிடும் மலைப்புறா அழிய அவ்வளவு காலம்கூடத் தேவைப்படாது. ஒரு பழமரத்தைக் குறிவைத்துப் பத்து நாள் உட்கார்ந்தால் ஒரு சரிவையே காலி செய்துவிடலாம்.

அப்படி அஞ்சுவதற்கு இப்போது காரணம் வந்திருக்கிறது. வாயுத் துப்பாக்கியின் ஈயக் குண்டு மலிவு, சத்தமும் அதிகமில்லை. தோட்டாவின் விலை புறாவைக் காத்து வந்த கணக்கு இதனால் அடிபட்டுப்போனது. மாத்தளை விவசாயிகளுக்கு வாயுத் துப்பாக்கி வேண்டியிருப்பது புறாவுக்காக அல்ல. தேங்காயையும் கொக்கோவையும் வாழையையும் குரங்குக் கூட்டம் அழிக்கிறது, மர அணில் குரும்பையைத் துளைக்கிறது, மயில் நெல்லைத் தின்கிறது, இரவில் பன்றி. அவர்களின் கோபம் நியாயமானது. 2025 மார்ச் 15 ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து 8.05 வரை நாடெங்கும் மக்களே தங்கள் வளவில் நிற்கும் குரங்கு, மந்தி, மர அணில், மயிலை எண்ணிப் படிவத்தில் எழுத வேண்டும் என்று அரசாங்கம் கேட்டது அந்தக் கோபத்தின் அழுத்தத்தால்தான். ஐந்து நிமிடக் கணக்கின் துல்லியம் பற்றி ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். எனக்கு அதில் பிடித்த அம்சம் வேறு: விலங்கைப் பற்றி ஊரவனிடம் அரசு ஒரு கேள்வி கேட்டது.

குரங்கை விரட்டவென்று வீட்டுக்கு வந்த கருவி குரங்கு வராத நாளில் சும்மா இருப்பதில்லை. இளைஞன் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பழமரத்தடிக்குப் போகிறான். அவனுக்குத் தாத்தாவின் அறிவு இல்லை. எது பச்சைப்புறா, எது நாட்டுக்கே உரிய மலைப்புறா, எப்போது கூட்டில் குஞ்சு இருக்கும் என்று சொல்லித் தர ஆளில்லை. பழைய வெடிக்காரரிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. அது அன்பினால் வந்தது என்று நான் மிகைப்படுத்தமாட்டேன். தோட்டா குறைவு, போயா தினத்தில் துவக்கைத் தொடாத பழக்கம், அடுத்த ஆண்டும் அதே மரத்துக்குப் பறவை வர வேண்டும் என்ற தேவை எல்லாம் கலந்த கட்டுப்பாடு. புதிய கருவியோடு அந்தக் கட்டுப்பாடு வரவில்லை.

புறா போனால் காட்டுக்கும் இழப்புத்தான், எல்லாப் புறாவாலும் ஒரே அளவில் இல்லை. பச்சைப்புறாவின் இரைப்பை வலிமையானது, ஆலம் பழத்தின் விதையை அரைத்துவிடும். விதை பரப்புவதில் அதன் பங்கு சிறிது. பெரிய பச்சைப்புறா பழத்தை முழுதாக விழுங்கி, சதையை மட்டும் செரித்து, கொட்டையைப் பழுதில்லாமல் வெகுதூரத்தில் போடும். பெரிய கொட்டையுள்ள மரங்களுக்கு இத்தகைய பறவைகள் குறைவு. நக்கிள்ஸ் 2000 இல் பாதுகாக்கப்பட்ட காடாகி, 2010 இல் மத்திய மலைநாட்டோடு உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. அந்தக் காட்டின் விளிம்பில் கைவிடப்பட்ட ஏலத் தோட்டங்களிலும் பழைய தேயிலைச் சரிவுகளிலும் மரம் மீண்டும் முளைக்க வேண்டுமென்றால் கொட்டையைக் கொண்டுவந்து போடுகிற வயிறு தேவை. நாற்றுமேடை வைத்துச் செய்கிற வேலையை அந்தப் பறவை கூலியில்லாமல் செய்கிறது.

இந்த மாவட்டத்தில் பறவையைக் கவனிப்பதற்குத் துவக்கில்லாத மரபும் உண்டு. இலங்கைப் பறவைகளுக்கு 1955 இல் வெளிவந்த கையேட்டின் ஆசிரியரும் ஓவியருமான ஜி. எம். ஹென்றி, 1891 இல் மாத்தளைப் பக்கத்துக் கந்தேநுவரத் தோட்டத்தில் பிறந்தவர். 1943 இல் தொடங்கிய இலங்கைப் பறவைக் கழகமும், கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1976 இல் தோன்றிய களப் பறவையியல் குழுவும் எண்ணிக்கைகளைத் திரட்டி வருகின்றன. ரிவஸ்டன் வீதியில் விடுமுறை நாட்களில் தொலைநோக்கியோடு நிற்பவர்கள் இப்போது சாதாரணக் காட்சி. ஆனால் அவர்கள் வீதியோரத்தில் நிற்கிறார்கள், வார இறுதியில் வருகிறார்கள். எந்த இச்சிமரம் எந்த மாதத்தில் பழுத்தது, எந்த ஆண்டு பழுக்காமல் விட்டது என்ற நாற்பது ஆண்டுக் கணக்கு வீதியில் கிடைக்காது. அது இரத்தோட்டையிலும் லக்கலையிலும் வில்கமுவையிலும், துவக்கைப் பறிகொடுத்த அல்லது விற்றுவிட்ட சில முதியவர்களின் தலைக்குள் இருக்கிறது. எல்கடுவைத் தோட்டத்தில் கெட்டபோலோடு வளர்ந்து, இப்போது கொழுந்து நிறுக்கும் வேலை செய்கிற ஆட்களிடமும் அதில் ஒரு பங்கு இருக்கிறது. அவர்கள் சொல்வதைத் தமிழில் கேட்டு எழுத வேண்டும்; இதுவரை எழுதப்பட்ட வேட்டை வரலாற்றில் அவர்கள் பெட்டி தூக்கியவர்களாக மட்டுமே வருகிறார்கள்.

குரங்குத் தொல்லைக்காக மாவட்டச் செயலகம் எடுக்கும் எந்தத் திட்டத்திலும் இதற்கு இடம் வைக்கலாம். ஒவ்வொரு கிராம உத்தியோகத்தர் பிரிவிலும் பழைய வெடிக்காரர் இருவரையாவது கண்டுபிடித்து, அவர் அறிந்த பழமரங்களை அடையாளமிட்டு, பழுக்கும் மாதத்தைக் குறித்து வாங்கலாம். அவர் கடந்த காலத்தில் என்ன சுட்டார் என்று கேட்டு வழக்குப் போடும் வேலையாக அது இருக்கக்கூடாது. இருந்தால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். 1848 இல் துவக்கைப் பதியச் சொன்னபோதே ஊர் அதற்குப் பதில் சொல்லிவிட்டது. மரங்களைப் பதியச் சொன்னால் பதில் வேறாக இருக்கும். அந்தப் பட்டியல் கையில் இருந்தால், வாயுத் துப்பாக்கி எங்கே கேட்கக்கூடாது என்பதும், ஏலத் தோட்டத்தைக் காடாக்க எந்த மரத்தை வெட்டாமல் விட வேண்டும் என்பதும் வன பரிபாலனத் திணைக்களத்துக்கு வரைபடத்தில் தெரியும். முதியவர்கள் இன்னும் சில ஆண்டுகளே இருப்பார்கள். வேலை இப்போதே தொடங்க வேண்டியது.